நாவெனப்பட்டவள்



மெக்சிகோவில் அயல்நாட்டு மோகத்தை ‘மலிஞ்சிஸ்மோ’ என்று பழிப்பர். அவ்வசைச்சொல் மலின்சே என்னும் பெண்ணின் பெயரிலிருந்து பிறந்தது. 1519இல் போரில் தோற்ற தபாஸ்கோ மக்கள், ஸ்பானியப் படைத்தலைவன் கோர்த்தேசுக்கு வழங்கிய 20 அடிமைப் பெண்களுள் அவளும் ஒருத்தி. நாவாத்தல், மாயா ஆகிய இருமொழியும் அறிந்தவள். பின்னர் ஸ்பானியமும் கற்றாள். அஸ்தெக் வேந்தன் மொக்தெசுமாவிடம் கோர்த்தேஸ் பேசியதெல்லாம் அவள் வாய்வழியேதான். ஆயினும், 1520இல் தன் மன்னனுக்கு எழுதிய மடலில் அவள் பெயரை அவன் குறிக்கவில்லை; ‘நா’ என்றே சுட்டுகிறான். மொழிபெயர்ப்பாளரை அவ்வாறு குறிப்பது ஸ்பானிய வழக்கே. அந்நாட்டு மக்களோ, அவளை வைத்து அவனையே ‘மலின்சே’ என அழைத்தனர் என்று படைவீரர் பெர்னால் தியாஸ் எழுதியுள்ளார்.

அவள் எழுதிய வரி ஒன்றும் நமக்குக் கிட்டவில்லை. அவளுக்காக ஆடவர் எழுதினர். தானே விரும்பித் தன்னை ஒப்படைத்தவள் என்று 1950இல் ஒக்தாவியோ பாஸ் எழுதினார். பெருங்கவிஞர்தாம், எனினும், கொடைப்பொருளாக வழங்கப்பட்ட அடிமைக்கு விருப்பம் ஏது?

ரொசாரியோ கஸ்தெயானோஸ் தம் கவிதையொன்றில் மலின்சேயையே பேச வைத்தார். பெற்ற தாயால் விற்கப்பட்ட மகளின் குரல் அது. டெக்சாஸ் எல்லையில் பிறந்த குளோரியா அன்சால்துவா 1987இல் வழக்கையே திருப்பினார்: அவள் தன் இனத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை; இனமே அவளைக் கைவிட்டது. ஆங்கிலமும் ஸ்பானியமும் நாவாத்தல் சொற்களும் விரவிய அந்நூலில், ஸ்பானியப் பகுதிகள் பலவற்றை அவர் மொழிபெயர்த்துத் தரவில்லை. வேண்டுமென்றே விட்டுவிட்டார்.