நின்ற வண்டியும் நிலைத்து நிற்கட்டும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டாலே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி பக்கத்துப் பங்குகளில் வேளாங்கண்ணி நடைபயணப் பேச்சு தொடங்கிவிடும். காவி உடை எடுப்பார்கள், குழுவுக்குப் பெயர் கொடுப்பார்கள். 29ஆம் நாள் கொடியேற்றத்துக்கு முன்பே போய்ச் சேர்கிறவர்கள் உண்டு. செப்டம்பர் 8, அன்னையின் பிறப்புப் பெருவிழாவுக்குப் போகிறவர்களும் உண்டு. 300 கிலோமீட்டருக்கு மேல் கால்நடையாகப் போகிற பயணம் அது.

ஒவ்வொரு குழுவோடும் ஒரு வண்டி போகும். பெரும்பாலும் பொலேரோ மாதிரி ஜீப் வகை வண்டிதான். அரிசி மூட்டை, சமையல் பாத்திரம், தண்ணீர்க் கேன், மருந்துப் பெட்டி, கூடவே அன்னையின் சுரூபம். அந்த வண்டி ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரமே அதிகம். நடக்கிறவர்கள் வந்து சேரும்வரை சாலையோரத்தில் காத்து நிற்கும். வந்து சேர்ந்தவர்கள் என்ன செய்வார்கள்? வண்டி நிழலில் துண்டை விரித்து உட்காருவார்கள். பாட்டிமார் பின் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு காலை நீவுவார்கள். பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் விளையாடும். ஓட்டுநர் தேநீர் குடிக்கப் போயிருப்பார்.

அந்த நேரத்தில் அந்த வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது எது? ஓட்டுநரின் கால் அங்கே இல்லை, கையும் இல்லை. ஹேண்ட் பிரேக் ஒன்றுதான் அந்தப் பாட்டியையும் பிள்ளைகளையும் காத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே இன்று அந்த ஹேண்ட் பிரேக்கைப் பற்றியே உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். மறையுரையில் இதற்கு என்ன வேலை என்று யோசிக்காதீர்கள். விவிலியத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது.

நம் பகுதி மக்களுக்கு பிரேக்கைப் பற்றி நான் சொல்லித் தரவேண்டியதில்லை. 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா தொழிற்சாலை பாடியில்தான் இருக்கிறது. சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் அதே பாடியில். ரானே பிரேக் லைனிங் அம்பத்தூர் தொழிற்பேட்டையில். நாட்டின் எந்த மூலையிலோ ஒரு லாரி நிற்கிறதென்றால், அதில் நம் பங்கு மக்களின் உழைப்பும் சேர்ந்திருக்கலாம். ஷிப்ட் முடிந்து பூசைக்கு வருகிறவர்களின் கையால் செய்த பொருள் அது. ஆனாலும் நம் தெருவில் நிற்கும் வண்டிகளின் ஹேண்ட் பிரேக் எப்படி இருக்கிறது? ஊர் சமதரை. இழுத்துப் பார்க்கவேண்டிய தேவையே வருவதில்லை. கியரில் போட்டுவிட்டு இறங்கிவிடுகிறோம். மேம்பாலச் சரிவில் நெரிசலில் நிற்கும்போதோ, அடுக்குமாடி வீட்டின் இறக்கத்தில் நிறுத்தும்போதோதான் அது பிடிக்கவில்லை என்பது தெரியவருகிறது.

இந்த வகை வண்டிகள் பலவற்றில் பின் சக்கரங்களில் டிரம் இருக்கும். அதற்குள்ளே இரண்டு பிரேக் ஷூ. ஷூவின் மேல் லைனிங். காலால் மிதித்தாலும் கையால் இழுத்தாலும் அதே ஷூதான் விரிந்து டிரம்மைப் பிடிக்கிறது. லைனிங் தேயத் தேய, ஹேண்ட் பிரேக் லிவரை மேலும் மேலும் உயர்த்த வேண்டியிருக்கும். முன்பு நாலைந்து பல் சத்தத்தில் பிடித்தது, இப்போது பத்துப் பன்னிரண்டு சத்தம் கேட்டாலும் பிடிக்காது.

அப்போது பட்டறையில் என்ன சொல்கிறோம்? “தம்பி, கேபிளை மட்டும் ரெண்டு சுத்து ஏத்தி விடு. வேளாங்கண்ணி போயிட்டு வந்து மத்ததைப் பாத்துக்கலாம்.” தம்பியும் ஏற்றிவிடுவார். லிவர் கெட்டியாகிவிடும். நமக்கும் மனநிறைவு. ஆனால் தேய்ந்தது கேபிள் இல்லையே, லைனிங்தானே! அளவுக்கு மீறிக் கேபிளை இழுத்துக் கட்டினால் ஷூ முழுதாகத் திரும்பி வராது. உரசிக்கொண்டே ஓடும், டிரம் சூடேறும், மிச்சமிருக்கும் லைனிங்கும் வேகமாகத் தேயும். வெளியே கெட்டியாகத் தெரிவது உள்ளே கரைந்துகொண்டிருக்கும்.

அன்பர்களே, நம் வாழ்விலும் கேபிளை ஏற்றுகிற வேலையைத்தான் நாம் அதிகம் செய்கிறோம். குடிக்கிற மகனை அன்னையின் பெயரால் சத்தியம் செய்ய வைக்கிறோம். காவி உடுத்திய நாட்களில் அவன் பிடித்து நிற்கிறான். திரும்பி வந்த வாரமே வழுக்கிவிடுகிறான். உடனே இன்னும் பெரிய சத்தியம், இன்னும் இறுக்கமான கட்டுப்பாடு. உள்ளே தேய்ந்திருப்பது எது என்று டிரம்மைத் திறந்து பார்த்தோமா? வேலை போன கவலையா, வீட்டில் யாரும் பேசாத தனிமையா, மன்னிக்க முடியாத பழைய காயமா? ஒப்புரவு அருளடையாளம் என்பது டிரம்மைத் திறக்கிற இடம். வெளியிலிருந்து இறுக்குவதற்கு முன்னால் உள்ளே பார்க்கிற இடம்.

நல்ல மெக்கானிக் எப்படித் திறக்கிறார் என்று கவனியுங்கள். சமதரையில் வண்டியை நிறுத்துகிறார். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கிறார். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கிய பிறகு வண்டியை ஸ்டாண்டில் உட்கார வைக்கிறார். ஏன் இவ்வளவு முன்னேற்பாடு? டிரம் கழல வேண்டுமானால் ஹேண்ட் பிரேக்கை முழுதாக விட்டுவிட வேண்டும். பிரேக்கைச் சரிசெய்கிற அந்த ஒரு மணி நேரம் வண்டிக்கு ஹேண்ட் பிரேக்கே இல்லை. வேறு ஏதாவது அதைப் பிடித்திருக்க வேண்டும். பழைய வில்லிஸ் ஜீப்பில் இது இன்னும் முக்கியம். அதில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, பின் அச்சுக்குப் போகும் தண்டில் இருந்தது. ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால், பிரேக் இழுத்திருந்தும் தூக்கிய சக்கரம் காற்றில் சுழல, தரையில் இருக்கும் சக்கரம் உருண்டு வண்டி நகர்ந்துவிடும். அடியில் படுத்திருப்பவரின் கதி என்ன ஆவது? ஒருவர் மனம் திறந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரமும் அப்படிப்பட்டதுதான். அந்த நேரத்தில் அவரைத் தாங்கிப்பிடிக்கும் கட்டையாகக் குடும்பமும் அன்பியமும் இருக்க வேண்டும்.

டிரம்மைக் கழற்றினால் உள்ளே தூசி. அதை வாயால் ஊதக் கூடாது, காற்றுக் குழாயாலும் அடிக்கக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெரும் கேடு. முகத்தை மூடிக்கொண்டு ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அடுத்து லைனிங்கைப் பார்க்கிறார். ரிவெட் தலை தொடுகிற அளவுக்குத் தேய்ந்திருக்கிறதா? எண்ணெய் பட்டிருக்கிறதா? எண்ணெய் ஊறிய லைனிங்கைத் தேய்த்துக் கழுவி மறுபடி மாட்டினால் பிடிக்காது. புது லைனிங் போட்டாலும், ஒழுகுகிற ஆயில் சீலையோ வீல் சிலிண்டரையோ சரிசெய்யாவிட்டால் அதுவும் ஒரு மாதத்தில் வீண். ஒழுக்கை முதலில் அடைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையென்றால் பிடிப்பு ஒரு பக்கமாக இழுக்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. புது ஷூ மாட்டும்போது, முன்பு ஏற்றி வைத்த கேபிளைத் தளர்த்தித்தான் ஆக வேண்டும். தளர்த்தாவிட்டால் புது லைனிங்கின் கனத்துக்கு டிரம் உள்ளே போகாது. அடித்து ஏற்றினாலும் உரசும். முதலில் ஷூவை அட்ஜஸ்டரில் சரியான இடைவெளிக்குக் கொண்டுவர வேண்டும். கடைசியாகத்தான் கேபிள். பிறகு லிவரை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் சுற்ற வேண்டும். லிவரை இழுத்தால் அசையாமல் நிற்க வேண்டும்.

மனம் மாறி வந்தவரை வீட்டில் எப்படி நடத்துகிறோம்? அவர் உள்ளே புதிதாகியிருக்கிறார். நாம் பழைய இறுக்கத்தைத் தளர்த்தவில்லை. சட்டைப் பையைச் சோதிக்கிறோம், பத்து நிமிடம் தாமதமானால் சந்தேகப்படுகிறோம், உறவினர் முன்னால் பழையதைச் சொல்லிக் காட்டுகிறோம். உரசல் நிற்பதே இல்லை. ஊதாரி மகன் திரும்பி வந்தபோது தந்தை அவனிடம் கணக்குக் கேட்கவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது விவிலியத்துக்கு வருவோம். விடுதலைப் பயண நூல் 21ஆம் அதிகாரத்தில் முட்டுகிற மாட்டைப் பற்றி ஒரு சட்டம் இருக்கிறது. மாடு முட்டும் என்று முன்பே எச்சரித்தும் உரிமையாளர் அதைக் கட்டிவைக்காமல், அது ஓர் உயிரைக் கொன்றால், பொறுப்பு மாட்டுக்கு மட்டுமல்ல, உரிமையாளருக்கும் உண்டு. இணைச் சட்டம் 22ஆம் அதிகாரம் 8ஆம் வசனம் புது வீடு கட்டுகிறவரிடம் பேசுகிறது. மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, யாராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்பது அதன் பொருள். பலியைப் பற்றியும் திருவிழாவைப் பற்றியும் பேசுகிற அதே திருச்சட்டம்தான் மாட்டுக் கயிற்றையும் மாடிச் சுவரையும் பற்றிப் பேசுகிறது. நம் காலத்து மாடு பொலேரோ. அதன் கயிறு ஹேண்ட் பிரேக்.

திருஅவையும் இதையே சொல்லிவந்திருக்கிறது. சாலைப் பயணத்தைப் பற்றி வத்திக்கான் 2007-இல் வெளியிட்ட மேய்ப்புப்பணி வழிகாட்டியில் ஓட்டுநர்களுக்கென்று பத்துக் கட்டளைகளைத் தந்தது. அவற்றுள் முதலாவது, கொலை செய்யாதே என்பதுதான். குடித்துவிட்டு ஓட்டுகிறவருக்கும் கண்மண் தெரியாமல் பறக்கிறவருக்கும் அது பொருந்தும் என்று நமக்குத் தெரியும். பிடிக்காத பிரேக்கோடு வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறவருக்கும் அது பொருந்தாதா?

நடைபயணத்துக்கு முன் வண்டியை மந்திரிப்பதற்காகக் கோயில் வாசலுக்குக் கொண்டுவருவீர்கள். மகிழ்ச்சியோடு செபித்துத் தீர்த்தம் தெளிப்போம். ஆனால் கடவுளின் ஆசீர் தேய்ந்த லைனிங்குக்கு மாற்று அல்ல. ஓட்டுநருக்கு நினைவையும் கவனத்தையும் தருகிற ஆசீர் அது. குழுத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூ அலங்காரத்துக்கும் சீரியல் விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் ஒதுக்கும் முன்பு ஒரு செட் பிரேக் ஷூவுக்கு ஒதுக்குங்கள். மந்திரிக்க வருவதற்கு முன்பே பட்டறையில் டிரம்மைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வழியில் நிறுத்தும்போது பிரேக்கோடு கியரும் போடுங்கள், சக்கரத்துக்குக் கட்டையும் வையுங்கள். கட்டைக்குப் பதில் கல் வைத்தீர்களானால், கிளம்பும்போது அதைச் சாலையிலிருந்து எடுத்து ஓரமாகப் போடுங்கள். இரவில் இருசக்கர வண்டியில் வருகிற யாரோ ஒருவர் அந்தக் கல்லில் மோதி விழலாம். அவர் எந்த மதத்தவரோ, எந்த ஊரோ, அவரும் நமக்கு அடுத்திருப்பவர்தான்.

கால் பிரேக் ஓட்டுகிறவரையும் காக்கிறது. ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் மற்றவர்களையே காக்கிறது. ஓட்டுநர் இறங்கிப் போன பிறகுதான் அதன் வேலை தொடங்குகிறது. நாம் கூட இல்லாத நேரத்திலும் நம்மால் பிறருக்குத் தீங்கு வரக் கூடாது என்று கவலைப்படுவதுதான் பிறரன்பு.

செபிப்போம். அன்பின் ஆண்டவரே, உம் அன்னையை நாடி நடக்கும் பிள்ளைகளின் பாதங்களைக் காத்தருளும். அவர்களோடு போகும் ஓட்டுநர்களுக்குத் தெளிந்த கண்ணையும் பொறுப்பான மனத்தையும் தாரும். பட்டறைகளிலும் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் கைகளை ஆசீர்வதியும். எங்களுள் தேய்ந்துபோனவற்றைத் திறந்து பார்க்கும் துணிவையும், புதிதாகி வருகிறவர்களிடம் எங்கள் இறுக்கத்தைத் தளர்த்தும் இரக்கத்தையும் எங்களுக்கு அருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.