ஊராட்சிக்கும் சட்டமன்றத்திற்கும் இடையே
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

எதைப் படித்தால் எந்த வேலை கிட்டும் என்பது பற்றி நமக்கு முன் பேசியவர்கள் விரிவாக எடுத்துரைத்தனர். ஆசிரியப் பணி, காவல் துறை, வங்கி, இரயில்வே, மருத்துவம், பொறியியல் என எல்லாம் சொல்லப்பட்டன. நாம் பேச எடுத்துக்கொண்டதோ, தமிழில் இன்னும் சரியான பெயர் வாய்க்காத ஒரு பணியைப் பற்றி. உள்ளாட்சி மன்றங்களுக்கும் மாநில அரசுக்கும், மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும், இவை யாவற்றுக்கும் சட்டமன்றத்துக்கும் இடையே ஓயாது ஓடும் கருத்துருக்களையும் அரசாணைகளையும் சட்டத் திருத்தங்களையும் கையாளும் பணி அது. ஒன்றிய அலுவலகத்திலும் நகராட்சியிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் தலைமைச் செயலகத்திலும் சட்டமன்றப் பேரவைச் செயலகத்திலுமாக இது சிதறிக் கிடக்கிறது. இதில் பெருமையுமில்லை, கைதட்டலுமில்லை. ஆயினும் நம் சேரிக்குத் தெருவிளக்கு வருவதும் வராததும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

இது நமக்குப் புதிய துறையன்று. 1924-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் நடக்கவும், பொதுக் கிணறுகளையும் குளங்களையும் பயன்படுத்தவும் எந்த வகுப்பாருக்கும் தடையிருத்தல் ஆகாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையாகவும் வெளிவந்தது. ஆனால் சாலைகள் யாருடைய பொறுப்பில் இருந்தன? தாலூகா போர்டு, ஜில்லா போர்டு ஆகியவற்றின் பொறுப்பில் இருந்தன. மேலே பிறந்த ஆணை கீழே உள்ள போர்டின் தெருவில் செல்லுபடியாக வேண்டுமானால், போர்டுகளை ஆளும் சட்டத்திலேயே அதற்கு இடமிருக்க வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் ஆர். வீரையன் அவர்கள் மசோதா கொண்டுவந்து அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, வழிமறிப்போர்க்கு அபராதம் விதிக்க வகை செய்யப்பட்டது. சட்டசபையில் வென்றது போர்டின் சட்டத்தில் ஏறாமல் தெருவுக்கு வராது என்பதை அந்த முன்னோர் அன்றே அறிந்திருந்தனர். 1937-இல் சென்னை மேயராக வீற்றிருந்த ஜெ. சிவசண்முகம் பிள்ளை அவர்களே பின்னர் 1946 முதல் 1955 வரை சட்டமன்றத்தின் சபாநாயகராகவும் விளங்கினார். மாநகராட்சி மன்றத்தையும் மாநில மன்றத்தையும் ஒருசேர அறிந்த அத்தகையோர் நம்மிடையே இன்று எத்தனை பேர்?

அண்ணல் அம்பேத்கர் 1932-இல் பம்பாய்ச் சட்டசபையில் கிராமப் பஞ்சாயத்து மசோதாவின்மேல் பேசியபோது, நம் மக்களுக்குத் தனி இடமின்றி ஊருக்கு அதிகாரம் அளிப்பதை எதிர்த்தார். அவர் கேட்ட காப்பு அரசியலமைப்பில் ஏற அறுபது ஆண்டுகள் சென்றன. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது, 74-ஆவது திருத்தங்கள் உள்ளாட்சிகளில் மக்கள்தொகை விகிதப்படி இட ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கின. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. அதன்கீழ் முதல் தேர்தல் 1996-இல் நடந்தது.

பின்னர் நேர்ந்தவற்றை இளைஞர்கள் அறிவார்கள். மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் முருகேசன், மற்றும் ஐவருடன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். மதுரை ஆட்சியர் அலுவலகம் சென்று பேருந்தில் திரும்பும் வழியில் அக்கொடுமை நடந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் முறையான தலைவர் ஒருவர் நிலைத்து அமர்வதற்கு 2006 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆனால் அரிவாளுக்கு அஞ்சாத தலைவரையும் காகிதத்தால் வீழ்த்தலாம். தமிழ்நாட்டு ஊராட்சிச் சட்டப்படி காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாகக் கையொப்பமிட வேண்டும். தலைவர் பதவி ஒதுக்கப்பட்டது. துணைத் தலைவர் பதவியோ உறுப்பினர் பெரும்பான்மையால் நிரப்பப்படுவது. துணைத் தலைவர் பேனாவை மூடிவிட்டால் குடிநீர் மோட்டார் பழுது பார்க்கவும் பணமில்லை. அப்போது தலைவர் செய்ய வேண்டியது என்ன? ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற நிலையில் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம், தேதிவாரியாக, எந்தப் பட்டியல் எந்த நாளில் மறுக்கப்பட்டது என்ற விவரத்துடன் முறையிட வேண்டும். வாய்மொழிப் புலம்பல் கோப்பில் ஏறாது. 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ கடமையாற்ற விடாமல் தடுப்பதையே குற்றமாக்கியிருக்கிறது. இப்பிரிவை அறிந்து மனு எழுதித் தரவல்ல ஓர் எழுத்தர் ஒன்றிய அலுவலகத்தில் இருப்பாரேயானால், அவர் பத்துக் கண்டனக் கூட்டங்களுக்கு நிகர். கண்டனக் கூட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கூட்டம் கலைந்த மறுநாள் கோப்பை யார் பிடிப்பது என்பதே நம் கேள்வி.

மயானப் பாதையை எடுத்துக்கொள்வோம். இறந்தவரைத் தோளில் சுமந்து வயல் வரப்பில் தடுமாறியதை இந்த அவையில் எத்தனையோ பேர் அறிவீர்கள். ஊராட்சி தீர்மானம் போடுகிறது: பாதை வேண்டும். குறுக்கே இருப்பது பட்டா நிலம். அதை எடுக்க ஊராட்சிக்கு அதிகாரம் இல்லை. ஆகவே தீர்மானத்தோடு நின்றுவிட்ட பாதைகள் பல. இதற்கென்றே தமிழ்நாடு சட்டமன்றம் 1978-இல் 31-ஆம் எண் சட்டத்தை இயற்றியிருக்கிறது. அதன் தலைப்பில் இன்னும் 'அரிசன நலத் திட்டங்கள்' என்றே இருக்கிறது. அச்சொல் நமக்கு உவப்பில்லை, ஆனால் அச்சட்டம் நமக்கு வேண்டியது. வீட்டுமனைக்கும் மயானத்திற்கும் பாதைக்கும் ஆதிதிராவிடர் நலத் துறை வழியே நிலம் கையகப்படுத்த அது வழி திறக்கிறது. ஊராட்சித் தீர்மானத்தில் புல எண்ணையும் உட்பிரிவையும் சரியாகக் குறித்து, புலப்பட நகலை இணைத்து, உரிய வட்டாட்சியருக்கு அனுப்பினால் கருத்துரு நகரும். நாம் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில் இத்தகைய கருத்துரு ஒன்று மும்முறை திரும்பி வந்தது. காரணம் பகையன்று, தீர்மானத்தில் புல எண் இல்லை, 'ஓடையோரம்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். திருத்தி எழுதியபின்தான் அது ஆட்சியர் மேசைக்குச் சென்றது.

கதை அங்கும் முடியவில்லை. நாடாளுமன்றம் 2013-இல் புதிய நில எடுப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, நம் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் நிலைக்குமா என்ற கேள்வி எழுந்தது. அதைக் காக்க மாநிலம் செய்த ஏற்பாட்டை 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. அதே ஆண்டில் சட்டமன்றம் மற்றொரு சட்டம் இயற்றி மீட்டது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. டெல்லியில் ஒரு சட்டம் பிறந்தால் ஊர் மயானப் பாதை ஆட்டம் காணும் என்பதை உடனே கணித்து, துறைச் செயலாளருக்குக் குறிப்பு எழுத வேண்டிய நாற்காலிகள் தலைமைச் செயலகத்தில் உண்டு. அந்த நாற்காலிகளைப் பற்றித்தான் இவ்வளவு நேரமும் பேசுகிறோம்.

நிதியும் அவ்வாறே. 14-ஆவது நிதிக்குழு, 2015 முதல் 2020 வரை ஊராட்சிகளில் கிராம ஊராட்சிக்கு மட்டுமே மானியம் தந்தது. ஒன்றியத்துக்கும் மாவட்ட ஊராட்சிக்கும் இல்லை. 15-ஆவது குழு மூன்றுக்கும் தந்தது. 2016-இல் பதவிக்காலம் முடிந்து 2019 இறுதிவரை உள்ளாட்சித் தேர்தலே நடவாததால், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லையென்று காரணம் கூறி மத்திய மானியம் நிறுத்தி வைக்கப்பட்டதையும் கண்டோம். தேர்தல் தள்ளிப்போனால் போவது பதவி மட்டுமன்று, குழாய்த் தண்ணீரும்தான். மாநில நிதி ஆணையம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைகிறது. அதன் பரிந்துரைகள், எடுத்த நடவடிக்கை விளக்கத்துடன் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அதைப் படிப்பவர் சிலரே.

சட்டமன்ற உறுப்பினருக்கு மாலை போடத் தெரிந்த நமக்கு, அவரிடம் கேள்வி எழுதிக் கொடுக்கத் தெரிய வேண்டும். கேள்வி நேரத்தில் அமைச்சர் அளிக்கும் உறுதிமொழியைத் தொடர்ந்து கவனிக்க உறுதிமொழிக் குழு இருக்கிறது. பொதுமக்கள் முறையிட மனுக்கள் குழு இருக்கிறது. துறைகள் வகுக்கும் விதிகளை ஆய்வதற்கும் குழு இருக்கிறது. ஒவ்வொரு மானியக் கோரிக்கையின்போதும் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு அச்சாகி வருகிறது.

நுழைவாயில்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். தேர்வாணையத்தின் முதல் தொகுதித் தேர்வில் துணை ஆட்சியர் பதவியோடு ஊரக வளர்ச்சி உதவி இயக்குநர் பதவியும் இருக்கிறது. விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் முன்னதையே கனவு காண்கிறார்கள். பின்னதன் அருமை தெரியவில்லை. இரண்டாம் தொகுதியில் தலைமைச் செயலக உதவிப் பிரிவு அலுவலர் பதவி உண்டு. கோப்பில் முதல் குறிப்பு அந்த மேசையில்தான் எழுதப்படுகிறது. சட்டம் படித்தவர்க்குச் சட்ட வரைவுப் பணி இருக்கிறது. எதற்கானாலும் பிழையற எழுதும் தமிழும், சட்ட வாசகம் புரியும் ஆங்கிலமும் வேண்டும். சேர்ந்தபின் நம் மக்களுக்காக விதியை வளைக்கச் சொல்லி உறவினர் வருவார்கள். வளைக்க வேண்டியதில்லை. விதியில் நமக்கென இருப்பதே இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

இவ்வுரைக்கு இசைந்தபோது கழகச் செயலாளரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தோம். படிப்பகத்தில் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம், 1978-ஆம் ஆண்டு 31-ஆம் எண் சட்டம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதன் விதிகளும், இவ்வாண்டின் ஊரக வளர்ச்சித் துறைக் கொள்கை விளக்கக் குறிப்பு ஆகியவற்றை ஓர் அலமாரியில் வைக்க வேண்டுமென்பது அது. இசைந்திருக்கிறார். ஞாயிறு மாலைகளில் ஊராட்சி உறுப்பினர்களும் தேர்வெழுதும் மாணவர்களும் சேர்ந்து வந்தால், தீர்மானம் எழுதுவதிலிருந்து தொடங்கலாம், நாமும் வருகிறோம். வருவோர் தங்கள் ஊர்ப் புல எண்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.