வெடிச்சத்தமும் கட்டிலடியும்

(தருவைகுளத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் முன்னாள் படைவீரர் ஒருவர் ஆற்றிய உரை)

 

என்னை மேடைக்கு அழைத்தபோது 'வீரர்' என்றார்கள். நான் பேச வந்தது வீரத்தைப் பற்றி அல்ல. 1987 ஜூலையில் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. 1990 மார்ச்சில் திரும்பியது. இதோ, இந்தக் கடலுக்கு அந்தப் பக்கம்தான். அங்கே நம் வீரர்கள் ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். எனக்கு அடுத்த படுக்கையில் தூங்கியவனும் அதில் ஒருவன். என் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. ஊரே அல்ஹம்துலில்லாஹ் என்றது.

37 வயதில் பென்ஷனோடு வீட்டுக்கு வந்தேன். பக்கத்து ஊர்த் திருவிழாவில் வெடி போட்டால் நான் கட்டிலுக்கு அடியில் கிடப்பேன். தூக்கத்தில் கத்துவேன். பிள்ளைகள் பாத்திரத்தைக் கீழே போட்டால் கையை ஓங்கிவிடுவேன். சின்னவள் என்னைக் கண்டதும் உம்மாவின் முந்தானைக்குள் ஒளிவாள். மற்றதெல்லாம் மறந்துவிட்டது, அது மறக்கவில்லை.

மாமியார் ஜின் சேட்டை என்றார். தாயத்துக் கட்டினார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். ஓதுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டுதானே துஆ கேட்கிறோம்? ஏர்வாடிக்குக் கொண்டுபோகலாம் என்றும் பேச்சு வந்தது. அந்த நேரத்தில்தான், 2001 ஆகஸ்ட் 6 அன்று, அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். செய்தியைக் கேட்ட என் மனைவி, "நான் இவரை டாக்டரிடம்தான் கூட்டிப்போவேன்" என்று சொல்லிவிட்டாள். (இன்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது.)

தூத்துக்குடியில் யாராவது பார்த்துவிட்டால் மகளின் சம்பந்தம் கெடும் என்று திருநெல்வேலிக்குப் போனோம். பஸ்ஸிலும் தனித்தனி சீட்! டாக்டர் சொன்னார்: "போர் முடிந்தது உங்கள் மூளைக்குத் தெரியும், உடம்பு இன்னும் காவல் நிற்கிறது." வியட்நாம் போருக்குப் பின், 1980இல் அமெரிக்க மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்துவிட்டார்களாம். பிறகு என் மனைவியிடம் திரும்பி, "நீங்கள் நன்றாகத் தூங்கி எத்தனை நாளாச்சு?" என்றார். அவள் அழுத அழுகை! அதுவரை அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை, நான் உட்பட. மாத்திரையும் பேச்சு சிகிச்சையுமாக இரண்டு வருடம் ஆனது.

இப்போது அவ்வளவு அலைச்சல் வேண்டாம். பென்ஷன் வாங்கும் முன்னாள் படைவீரருக்கும் அவர் மனைவிக்கும் 2003 முதல் இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருக்கிறது. மனநோய்க்கும் அதில் வைத்தியம் உண்டு. விதவைகள் கார்டு எடுக்காமல் விட்டிருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். டெலி மானஸ் எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. படையினருக்கும் குடும்பத்தாருக்கும் என்று 2023 டிசம்பரில் புனேயில் அதற்குத் தனிப் பிரிவே திறந்தார்கள்.

அஸர் தொழுகை முடிந்ததும் நான் இதே மண்டபத்தில் இருப்பேன். பெண்கள் பக்கம் என் மனைவி இருக்கிறாள். என்னைவிட அவளுக்குத்தான் சொல்ல நிறைய இருக்கிறது.