விற்காத டிக்கெட்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் சென்ற ஆண்டுகளில் பேசியவர்கள் கற்றறிந்த பெருமக்கள். குறளையும் சிலம்பையும் விரித்துரைத்தார்கள். நானோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திவிட்டு இரயில்வேயில் புகுந்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக டிக்கெட்டும் பார்சல் ரசீதும் எழுதிக் காலம் கழித்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த பொருளாகிய டிக்கெட்டைப் பற்றியே பேச முற்படுகிறேன். எந்தக் கவுன்டரிலும் விற்கப்படாத ஒரு டிக்கெட்டைப் பற்றியது இப்பேச்சு.

சென்ற மாதம் நம் காலனிப் பெரியவர் ஒருவர், மகளின் பிரசவத்திற்கு உதவியாக மனைவியுடன் வெளிநாடு சென்று திரும்பினார். போன இடத்து விமான நிலையத்தில் அவ்விருவரையும் தனி அறையில் இரண்டரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டார்களாம். பெட்டியைக் கவிழ்த்து, வத்தல் வடகம், பிரசவ லேகியம் எல்லாவற்றையும் கிளறி, "திரும்பிப் போவீர்களா, மாட்டீர்களா?" என்று ஒரே கேள்வியை ஐந்து முறை கேட்டார்களாம். அவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, சோதிக்கட்டும், அது அவர்கள் வேலை. உட்கார ஒரு நாற்காலி கொடுத்திருக்கலாம் அல்லவா?" அந்த அம்மாளுக்கு முழங்கால் வலி. இதனைக் கேட்டது முதல் எனக்கு நம் ஊருக்கு அருகிலேயே இருக்கும் பஜ் பஜ் இரயில் நிலையம் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது.

சியால்தாவிலிருந்து தெற்கே செல்லும் கிளைப்பாதையின் முடிவில் உள்ள நிலையம் அது. இன்று அதன் பெயர்ப் பலகையில் 'கோமகட்டா மாரு பஜ் பஜ்' என்று எழுதியிருக்கும். மாரு என்பது ஜப்பானியக் கப்பல்களின் பெயரோடு வழங்கும் ஒட்டு. ஜப்பானியக் கப்பலின் பெயர் வங்காளத்து இரயில் நிலையத்துக்கு எவ்வாறு வந்தது? அந்த வழியில் தினந்தோறும் போய் வருகிற நம்மவர்களில் பலருக்கும் இது தெரியாது. தெரியாமல் இருப்பது குற்றமில்லை. 

கதை கனடா நாட்டில் தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபிகள் அங்கே மரம் அறுக்கும் ஆலைகளிலும் இரயில் பாதைகளிலும் வேலைக்குச் சென்றார்கள். 1908 வரையில் சென்றவர்கள் சுமார் ஐயாயிரம் பேர்தாம். அதற்கே அந்நாட்டின் மேற்குக் கரையில் பெருங்கூச்சல் எழுந்தது. ஆயினும் இந்தியர் வரலாகாது என்று வெளிப்படையாகச் சட்டம் எழுதக் கனடா சர்க்காருக்குத் தயக்கம். இந்தியரும் அதே பிரிட்டிஷ் மன்னரின் பிரஜைகள் அல்லவா? இந்தியாவில் கொந்தளிப்பு உண்டாகுமே! ஆகையால் ஒரு தந்திரம் செய்தார்கள். 1908இல் ஒரு விதி வந்தது. குடியேற வருகிறவர் தாம் பிறந்த நாட்டிலிருந்தோ, தமக்குக் குடியுரிமை உள்ள நாட்டிலிருந்தோ, புறப்படுவதற்கு முன்பே வாங்கிய நேரடி டிக்கெட்டுடன், இடையில் தங்காத தொடர் பயணமாக வர வேண்டும் என்பதே அவ்விதி. அதோடு, ஆசியாவிலிருந்து வருகிறவர் கையில் 200 டாலர் இருக்க வேண்டும் என்றும் ஆயிற்று. மற்றவர்களுக்கு 25 டாலர் போதும்.

டிக்கெட் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் இவ்விதியைச் சற்று நிறுத்திப் பார்க்கிறேன். விதியில் 'இந்தியன்' என்ற சொல்லே இல்லை. படித்துப் பார்த்தால் யாரையும் புண்படுத்தாத, பயண ஒழுங்குக்கு உரிய சாதாரண விதி போலத் தோன்றும். ஆனால் இந்தியாவிலிருந்து கனடாவுக்கு நேரடி டிக்கெட் வேண்டும் என்று விதி கேட்க, அந்த டிக்கெட்டை விற்க வேண்டாம் என்று கப்பல் கம்பெனிகளுக்கு அறிவுறுத்தினார்கள். டிக்கெட் இல்லாமல் வந்தால் உள்ளே விடமாட்டோம் என்பது ஒரு கவுன்டர். அந்த டிக்கெட் இங்கே கிடையாது என்பது மற்றொரு கவுன்டர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் பூசாரியும் கூடிப் பேசிக்கொண்டு செய்த காரியம்! முகத்துக்கு நேரே 'வராதே' என்று சொல்பவனோடு வாதாடலாம். 'தாராளமாக வா, இந்தக் காகிதத்தை மட்டும் கொண்டு வா' என்று சொல்லிவிட்டு அந்தக் காகிதத்தையே ஒளித்து வைத்துக்கொள்பவனோடு எப்படி வாதாடுவது?

ஆனாலும் சிலர் வாதாடிப் பார்த்தார்கள். 1913இல் 'பனாமா மாரு' என்னும் கப்பலில் வந்த சீக்கியர்களைத் தடுத்து வைத்தபோது, இவ்விதி எழுதப்பட்ட முறை சட்டத்தோடு பொருந்தவில்லை என்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் தலைமை நீதிபதி அவர்களை விடுவித்தார். உடனே கனடா சர்க்கார் 1914 ஜனவரியில் விதியைத் திருத்தி ஓட்டையை அடைத்துவிட்டது.

இந்த நிலையில்தான் குருதித் சிங் வருகிறார். அமிர்தசரஸ் மாவட்டத்துக்காரர், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தொழில் நடத்தியவர். டிக்கெட் விற்கமாட்டார்கள் என்றால் கப்பலையே வாடகைக்கு எடுத்துவிடலாம் என்று துணிந்தார். அவர் வியாபாரி, இலாபத்துக்காகச் செய்தார் என்று குறை கூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். இலாபமும் எண்ணியிருப்பார். அதனால் என்ன? டிக்கெட்டை மறுத்த கம்பெனிகள் மட்டும் தருமத்துக்கா கப்பல் ஓட்டின?

1914 ஏப்ரல் 4ஆம் நாள் ஹாங்காங்கிலிருந்து கோமகட்டா மாரு புறப்பட்டது. ஷாங்காய், மோஜி, யோகோஹாமா ஆகிய துறைமுகங்களிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டது. மொத்தம் 376 பிரயாணிகள். சீக்கியர் 340, முஸ்லிம்கள் 24, இந்துக்கள் 12. அவர்களில் பலர் பிரிட்டிஷ் பட்டாளத்தில் பணிபுரிந்தவர்கள். மன்னருக்காகத் துப்பாக்கி ஏந்திய தோள்கள். மே 23ஆம் நாள் கப்பல் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது.

அடைந்தது என்று சொன்னேனே ஒழிய, கரை சேரவில்லை. கரைக்கு அப்பால் நங்கூரமிட்ட கப்பலைச் சுற்றிக் காவல் படகுகள் வட்டமிட்டன. குடியேற்ற இலாகாவின் அதிகாரியாக அங்கே இருந்தவர் மால்கம் ரீட். அவருக்குத் துணை வில்லியம் ஹாப்கின்சன். இந்த ஹாப்கின்சன் முன்பு நம் கல்கத்தாப் போலீஸில் வேலை பார்த்தவர் என்பதைக் கவனியுங்கள். மருத்துவப் பரிசோதனையும் விசாரணையும் வேண்டுமென்றே இழுத்தடிக்கப்பட்டன. பிரயாணிகளுக்காக வாதாட ஏற்பட்ட வக்கீல் எட்வர்டு பேர்டு என்பவர் தம் கட்சிக்காரர்களைத் தனியே சந்தித்துப் பேசவும் விடவில்லை. உணவு குறைந்தது, குடிதண்ணீர் குறைந்தது. நகரம் கண்ணுக்கு எதிரே. வீடுகளில் விளக்கு எரிவதும் தெரியும். இங்கே தண்ணீருக்குத் தவிப்பு. முந்திய ஆண்டாகிய 1913இல் மட்டும் கனடா 4 இலட்சத்துக்கு மேற்பட்ட குடியேறிகளை வரவேற்றிருந்தது. ஊருக்கு இளைத்தவர்கள் இந்த 376 பேர்தாம் போலும்!

பிரயாணிகள் மன்னருக்கும் வைசிராய்க்கும் தந்தி அனுப்பினார்கள். பயன் இல்லை. கரையில் வாழ்ந்த பஞ்சாபிகள், மர ஆலைக் கூலியிலிருந்து ஆயிரக்கணக்கான டாலர் திரட்டிக் கப்பலின் வாடகைத் தவணையைக் கட்டினார்கள். முன்ஷி சிங் என்ற ஒருவரின் வழக்கை மாதிரியாக எடுத்துக்கொண்டு நீதிமன்றம் ஏறினார்கள். ஜூலை 6ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிபதிகள் ஐவரும் ஒருமுகமாகக் கைவிரித்துவிட்டார்கள். ஜூலை 19 இரவில் ஆயுதம் தாங்கிய போலீஸார் ஒரு இழுவைப் படகில் ஏறி வந்து கப்பலைக் கைப்பற்ற முயன்றபோது, பிரயாணிகள் நிலக்கரித் துண்டுகளையும் செங்கற்களையும் வீசி விரட்டினார்கள். பிறகு போர்க்கப்பலே வந்தது. திரும்பும் வழிக்கு உணவாவது கொடுங்கள் என்று போராடிப் பெற்றுக்கொண்டு, ஜூலை 23ஆம் நாள் புறப்பட்டார்கள். முன்பே அந்நாட்டில் வாழ்ந்தவர்கள் முதலாக 24 பேரைத் தவிர ஒருவரும் இறங்கவில்லை. சரியாக இரண்டு மாதம்!

அந்நிய நாட்டான் அவமதித்தான். சொந்த மண்ணுக்குத் திரும்பினார்கள் என்று கதை முடிந்திருந்தால் நான் இங்கே வந்து பேசியிருக்கமாட்டேன்.

வழியில் உலக யுத்தம் மூண்டது. ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்க அனுமதி இல்லை. இந்தியாவில் பிரிட்டிஷ் சர்க்கார், வெளியிலிருந்து வருகிறவர்களைத் தடுத்து வைக்க 1914 செப்டம்பரில் ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. செப்டம்பர் கடைசியில் ஹூக்ளி நதியின் முகத்துவாரத்தில் கப்பலை நிறுத்திச் சோதனையிட்டார்கள். 29ஆம் நாள் பஜ் பஜ்ஜில் இறக்கினார்கள். அங்கே ஒரு ஸ்பெஷல் இரயில் தயாராக நின்றது.

அந்த இரயிலை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கும். அன்று டிக்கெட் வேண்டும் என்று ஏங்கியவர்களுக்கு விற்க ஆளில்லை. இன்று டிக்கெட் கேட்காதவர்களுக்கு இலவச ஸ்பெஷல்! நேரே பஞ்சாபுக்கு ஏற்றி அனுப்பிவிட வேண்டும் என்பது உத்தரவு. கல்கத்தாவில் எங்களுக்குக் கணக்கு வழக்கு இருக்கிறது, கவர்னரிடம் எங்கள் குறையைச் சொல்ல வேண்டும், கிரந்த சாகிபைக் குருத்வாராவில் சேர்ப்பிக்க வேண்டும் என்றார்கள் பிரயாணிகள். அறுபது பேரளவில் இரயிலில் ஏறினர். மற்றவர்கள் கிரந்த சாகிபை முன்னால் ஏந்திக் கல்கத்தாவை நோக்கி நடந்தார்கள். பட்டாளம் வழிமறித்துத் திருப்பியது. மாலையில் நிலையத்தின் அருகே கைகலப்பு மூண்டு துப்பாக்கிகள் வெடித்தன. முதலில் சுட்டவர் யார் என்பதில் சர்க்கார் விசாரணைக் குழுவின் கூற்றும் பிரயாணிகளின் கூற்றும் முற்றிலும் வேறுபடுகின்றன. சுமார் இருபது பிரயாணிகள் மாண்டார்கள். வேறு சிலரும் உயிரிழந்தார்கள். இருநூறு பேருக்கு மேல் சிறை புகுந்தார்கள். குருதித் சிங் தப்பி மறைந்து, காந்தியடிகளின் யோசனைப்படி 1921இல் தாமே வந்து சரணடைந்து, சிறையும் சென்று மீண்டார்.

வான்கூவரில் ஹாப்கின்சனை 1914 அக்டோபரில் மேவா சிங் என்பவர் சுட்டுக் கொன்றார். 1915 ஜனவரியில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவமதிப்பு என்பது எங்கெங்கு போய் முடிகிறது, பாருங்கள்.

இது பஞ்சாபியர் கதை, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் 1910இல் தென்னாப்பிரிக்காவில் நாராயணசாமி என்ற நம் தமிழ் இளைஞர் இதே துன்பத்தை அனுபவித்தார். காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்ததற்காக நாடு கடத்தப்பட்டு, மீண்டும் வந்தவரை அங்குள்ள அதிகாரிகள் இறங்க விடவில்லை. துறைமுகம் துறைமுகமாகக் கப்பல் மேல்தளத்திலேயே அலைக்கழிக்கப்பட்டு, அக்டோபர் 16ஆம் நாள் டெலகோவா விரிகுடாவில் உயிர் நீத்தார். அவ்விடம் இன்று மபூட்டோ என வழங்குகிறது. வள்ளியம்மையையும் நாகப்பனையும் அறிந்த நம் குழந்தைகள் இவர் பெயரையும் அறிய வேண்டும் என்பது என் ஆசை.

கனடாவின் தொடர் பயண விதி 1947இல் நீங்கிற்று. 1952இல் பஜ் பஜ்ஜில் பண்டித நேரு நினைவுச் சின்னத்தைத் திறந்துவைத்தார். 2016 மே 18ஆம் நாள் கனடாவின் பிரதமர் அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கோரினார். நூற்றிரண்டு ஆண்டு கழித்து வந்த பதில்! இரயில்வேயில் புகார் மனுவுக்குப் பதில் வரத் தாமதமாகிறது என்று என்னிடம் சண்டை பிடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேடிக்கைக்குச் சொன்னேன், கோபிக்க வேண்டாம். ஆனால் அந்தப் பதில் வந்ததற்குக் காரணம், புகாரை யாரும் திரும்பப் பெறவில்லை என்பதுதான். குருதித் சிங் தம் அனுபவத்தைப் புத்தகமாக எழுதி வைத்தார். பஞ்சாபியர் தலைமுறை தலைமுறையாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

ஆகவே நம் பெரியவரிடமும் ஒன்று சொன்னேன்: "ஐயா, நடந்ததைத் தேதி, நேரம், அறை எண்ணோடு எழுதி அனுப்புங்கள். நாற்காலி கொடுக்கவில்லை என்பதையும் எழுதுங்கள்." "போகட்டும் தம்பி, மகள் அங்கே இருக்கிறாளே, அவளுக்கு ஏதாவது தொந்தரவு வந்தால்?" என்றார். அந்த அச்சம் நியாயமானதே. இந்த அவையில் பல வீடுகளில் அதே அச்சம் உண்டு. பிறகு அவருடைய பேரன் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க, கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் குழந்தைகளை மிருகக்காட்சி சாலைக்கே அழைத்துப் போகிறோம். இந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஜ் பஜ்ஜுக்கு அழைத்துப் போகலாம் என்று செயலாளரிடம் கூறியிருக்கிறேன். சியால்தாவிலிருந்து லோக்கல் வண்டியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டால் போதும். டிக்கெட் செலவு மிகக் குறைவு, அதைத் தாராளமாகவே விற்கிறோம். வர விரும்புவோர் வாசலில் உள்ள நோட்டில் பெயர் எழுதிச் செல்லக் கோருகிறேன்.

நாடகக் குழந்தைகள் என்னை முறைக்கத் தொடங்கிவிட்டார்கள்.