ஊரைச் சுற்றி ஒரு சாலை

மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் மணிக்கூண்டுப் பக்கம் போய்வருகிறவர்களுக்கு நெரிசலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

முன்பெல்லாம் அலோர் ஸ்டார் போகிற லாரியும் ஊருக்குள் நுழைந்துதான் போகும். அடுத்த தெருவுக்குப் போகிறவர்கள் எல்லாம் நம் வீட்டுக் கூடத்தின் வழியே நடந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. கடந்து போகிற வண்டிகளுக்கு வெளியே வழி கிடைத்தது.

பிறகும் ஏன் நெரிசல்? இப்படி ஊருக்கு வெளியே போகிற புறவழிச்சாலை, கடந்து போகிற வண்டியைத்தான் குறைக்கும். ஊருக்குள் வருகிற வண்டியைக் குறைக்காது. பெடோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சந்தைக்கு வருகிறவர் சுற்றிப் போவாரா? மாட்டார். டோல் கட்ட மனமில்லாதவரும் பழைய சாலையைத்தான் பிடிப்பார்.

ஆகவே புதுப் புறவழிச்சாலை போடுமுன் வண்டிகளை எண்ணினால் மட்டும் போதாது. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். அப்புறம், புதுச் சாலையோரம் முழுக்கக் கடை போட விட்டால் அதுவும் இன்னொரு கடைத்தெருதான்!

சாலை எங்கே, கடை எங்கே என்று காட்டுகிற உள்ளூர்த் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் சொல்கிறது. உங்கள் ஊரில் வைக்கும்போது போய்ப் பாருங்கள். ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுங்கள்.