மூளையும் மொழியிழப்பும்: கேமரன் மலைத் தோட்டத் தமிழை முன்வைத்து



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயமொன்றில் ஒரு மூதாட்டிக்குக் காலையில் திடீரென வாய் கோணுகிறது, வலக்கை தளர்கிறது, சொல் வரவில்லை என்று கொள்வோம். வீட்டார் 'புத்தி கலங்கிவிட்டது' என்பர். அல்லது 'ஊமையாகிவிட்டார்' என்பர். இவ்விரு தீர்ப்புகளும் பெரும்பாலும் தவறானவை என்பதையே இன்று எடுத்துரைக்க வந்துள்ளோம்.

தவறான தீர்ப்பால் நேரும் முதல் இழப்பு காலமாகும். பக்கவாதத்திற்குக் காரணமான குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வளைவுச் சாலையே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். 'மாலை வரை பார்ப்போம்' என்பதற்கு இங்கே இடமில்லை.

1861இல் பாரிசில் பால் புரோக்கா என்னும் மருத்துவர், லெபோர்ஞ் என்ற நோயாளி இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்தார். அந்நோயாளி பல்லாண்டுகளாகப் பெரும்பாலும் 'தான்' என்ற ஓரசையையே சொல்லிவந்தவர். (அது நம் இலக்கணத்துத் 'தான்' அன்று, பொருளற்ற ஓசை.) பிறர் பேச்சை அவர் பெரிதும் விளங்கிக்கொண்டார். இடப்பக்க முன்மடலில் சிதைவு காணப்பட்டது. 1874இல் கார்ல் வெர்னிக்கி மறுதலையான வகையொன்றை விளக்கினார். அதில் பேச்சு தடையின்றி ஓடும். ஆயின் சொற்கள் பிறழும், கேட்பதும் விளங்காது. அதற்குரிய ஊறு இடப்பக்கப் பொட்டு மடலின் பின்புறத்தில் அமைகிறது. மொழியைத் தாங்குவது இவ்விரு இடங்கள் மட்டுமல்ல, அவற்றை இணைக்கும் விரிந்த வலைப்பின்னலும்தான் என்பது இன்றைய தெளிவு.

இந்நோயைப் 'பேச்சிழப்பு' என்று வழங்குகிறோம். நமக்கு அச்சொல் நிறைவளிக்கவில்லை. நாவும் குரல்வளையும் நலமாயிருக்கச் சொல் மட்டும் வாராதிருக்கும்; எழுத்தும் படிப்பும் உடன் குன்றும். 'மொழியிழப்பு' என்பதே பொருந்தும்.

மொழியிழந்தவர் சிலர் கேட்ட பொருளின் பெயரைச் சொல்லமாட்டார். ஆனால் ஒன்று, இரண்டு என்று தடையின்றி எண்ணுவார், நாள்தோறும் பாடிய பதிகத்தைப் பாடுவார், சினந்தால் வசைமொழியும் தெளிவாக வரும். இதைத் தன்னியக்கப் பேச்சு என்பர். ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்னும் ஆங்கில மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதனைப் பிரித்துக் காட்டினார். இதனை அறியாத வீட்டில் 'பாட வருகிறது, பேச வரவில்லையா? நடிப்பு!' என்ற பழி நோயாளியின் மேல் விழுகிறது.

இனி மொழியியலுக்கு உரிய இடம். புரோக்கா வகை நோயாளியர் ஆங்கிலத்தில் விகுதிகளை உதிர்த்து வினையடியை மட்டும் கூறுவர். தமிழில் 'போட்டேன்' என்பதில் விகுதியை நீக்கினால் எஞ்சும் 'போட்ட்' தனித்து நிற்காது. எபிரேயம், இத்தாலியம் போன்ற மொழிகளில் விகுதி உதிர்வதைவிட ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருவதே மிகுதி என ஆய்வாளர் கண்டுள்ளனர். தமிழிலும் அதையே எதிர்பார்க்கலாம். 'நான் கொழுந்தைக் கூடையில் போட்டேன்' என்பது 'கொழுந்து... கூடை... போட்டான்' என வரக்கூடும். பெயரில் வேற்றுமை உருபு மறைகிறது. வினையில் விகுதி மாறுகிறது. இதைக் கேட்பவர் 'யார் என்றே தெரியாமல் உளறுகிறார்' என்று எண்ணினால், இலக்கணப் பிழையை நினைவுப் பிழையாகக் கணக்கிடுகிறார்.

தோட்டத்துத் தமிழர் பலர்க்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலாய். சில குடும்பங்களில் தெலுங்கும் உண்டு. எம்மொழி முதலில் மீளும்? முதலிற் கற்றது நிலைக்கும் என்பது 1881இல் ரிபோ வகுத்த நினைவு விதியின் வழிவந்த கருத்து. நோயுறும் காலத்தில் மிகப் பழகியதே முந்தும் என்றார் பித்ரே, 1895இல். பின்னர்த் தொகுக்கப்பட்ட நோயாளர் விவரங்களில் மொழிகள் ஒருசேர மீள்வதே மிகுதியாகக் காணப்பட்டது, விலக்குகளும் உள. ஆதலின் மலாயில் மட்டும் சோதித்து முடிவு கூறுவது பாதிச் சோதனையே.

தமிழிலேயே சோதித்தாலும் எந்தத் தமிழ்? 'காலை உணவு அருந்தினீர்களா?' என்று வினவினால் பள்ளி காணாத மூதாட்டி திகைக்கலாம், 'பசியாறிட்டீங்களா?' என்றால் தலையசைப்பார். சந்தைப் படத்தைக் காட்டும்போது 'பாசார்' என்று விடை வந்தால் அது பிழையன்று, மலேசியத் தமிழ். உலகெங்கும் பயன்படும் பாஸ்டன் பெயரிடல் சோதனையில் 60 படங்கள் உள்ளன. அவற்றுள் பனிவீடும் நீர்நாயை ஒத்த பீவரும் ஹார்ப் என்னும் யாழும் அடங்கும். இவற்றின் பெயர் வாராமைக்கு மூளையில் ஊறு வேண்டியதில்லை.

இதற்கு மாற்றான படவரிசையை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் தாமே உருவாக்கிவிட இயலாது. சொற்கள் அவர்களிடம் இல்லை. விடுமுறைக்கு மலைக்குச் செல்லும் மாணவர் தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்டுத் தொகுக்கலாம். கொழுந்துக் கூடை, தலைத்துண்டு, அம்மி, லயம், பெரட்டுக்களம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்து, வீட்டில் வழங்கும் சொல்லை ஒலித்தவாறே எழுதி, மலாய்ச் சொல் வழக்கிலிருந்தால் அதையும் அருகே குறித்து, எவ்வயதினர் சொன்னது என்பதையும் சேர்த்தால், சோதனைப் படங்களைத் தேர்வதற்குப் போதிய மூலப்பொருள் கிடைத்துவிடும்.