கடலைக் காணவா, பந்தியில் அமரவா?

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



அடுத்த சுற்றுலாவாகச் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பற் பயணம் மேற்கொள்ளலாமா என்று சென்ற பொதுக்கூட்டத்தில் பேசினோம். கூட்டக் குறிப்பு எழுதும் பணி நமக்கு வாய்த்தது. உறுப்பினர்கள் எழுப்பிய வினாக்கள் பதினெட்டு. அவற்றுள் பதினான்கு சாப்பாட்டைப் பற்றியவை. தோசை கிடைக்குமா, சைவருக்குத் தனிப் பந்தி உண்டா, பிரியாணி எத்தனை வேளை, புளிச்சோறு கட்டி எடுத்து வரலாமா என்று அவை நீண்டன. எஞ்சிய நான்கில் மூன்று கட்டணத்தைப் பற்றியவை. ஒன்றே ஒன்றுதான் கடலைப் பற்றியது: அலை அதிகமாக இருக்குமா? அதைக் கேட்ட அன்பரும், வாந்தி வந்தால் உண்டதெல்லாம் வீணாகுமே என்ற கவலையால்தான் கேட்டார். (சிரிப்பு)

நகையாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. நாங்களும் அப்படியே சென்று வந்தவர்கள்தாம். 2022ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் தமிழக முதல்வர் சென்னையில் கொடியசைத்துத் தொடங்கி வைத்த ‘எம்பிரஸ்’ என்னும் கப்பலில், அம்மாதத்திலேயே நாங்கள் ஐவரும் சென்றோம். தந்தையார், இல்லத்தரசி, மக்கள் இருவர், இரயில்வே எழுத்தராகிய நாம். இரண்டாண்டு சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். நடுக்கடல் வரை சென்று மீண்டும் சென்னைக்கே திரும்பும் இரண்டு இரவுப் பயணம். இடையில் ஊர் இல்லை, கோயில் இல்லை, கடைத்தெரு இல்லை. கடல் ஒன்றுதான் உண்டு.

அந்தக் கப்பல் 1990இல் பிரான்சு நாட்டில் கட்டப்பட்டது. நீளம் 211 மீட்டர். நம் மாரிக்குப்பம் வண்டியின் ஒன்பது பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினாலும் அந்த நீளம் வராது. பதினொரு தளங்கள். அத்தனை தளங்களிலும் எங்கள் கால்கள் முதலில் தேடிச் சென்றது உணவுக்கூடத்தையே! சாப்பாட்டுக்கும் சேர்த்தே சீட்டு வாங்கியிருக்கிறோம், கொடுத்த பணத்தை உண்டு தீர்க்காவிட்டால் நட்டமல்லவா? ஏறியவுடன் ஒரு பந்தி, மாலையில் பலகாரம், இரவில் பெரும் பந்தி, பிறகு இனிப்புக்குத் தனி வரிசை. கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்ந்ததைக்கூட நாங்கள் காணவில்லை. மெரினாவில் 1977இல் எழுப்பிய கலங்கரை விளக்கம் மெல்லச் சிறுத்துப் போவதைப் பார்த்தோம் என்று அடுத்த மேசைக்காரர் சொன்னபோது, எங்கள் தட்டில் மூன்றாவது சப்பாத்தி இருந்தது.

அன்று இளைய மகள் வரிசையில் நின்றபடியே, “அப்பா, கடல் ஏன் நீலமா இருக்கு?” என்று கேட்டாள். “முதலில் சாப்பிடு, பிறகு பார்க்கலாம்” என்றோம்.

அன்பர்களே, அதே கேள்வியைக் கப்பலில் இருந்தபடியே கேட்ட தமிழர் ஒருவர் உண்டு. 1921ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து ‘நார்குண்டா’ என்ற கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சர் சி. வி. இராமன், மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார். வானத்தின் நிறமே கடலில் தெரிகிறது என்று பெரிய அறிஞர்களே கருதியிருந்த காலம். அவரோ கையில் வைத்திருந்த ஒரு சிறு பட்டகத்தின் வழியே, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியை விலக்கிவிட்டுப் பார்த்தார். அப்போதும் நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தபோதே, ‘நேச்சர்’ இதழுக்கு அதுபற்றிய கடிதம் ஆயத்தமாக இருந்தது. அந்த வழியே சென்ற ஆராய்ச்சிதான் 1928 பிப்ரவரி 28இல் இராமன் விளைவாக முடிந்து, 1930இல் நோபெல் பரிசைத் தந்தது. அவரும் ஒரு காலத்தில் அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் பணியாற்றியவர் என்பதில் எழுத்தர்களாகிய நமக்கு ஒரு சிறு பெருமை உண்டு. அந்தக் கப்பலில் என்ன உணவு பரிமாறினார்கள் என்று எவரும் கேட்டதில்லை.

மறுநாள் காலை உணவுக்குத் தந்தையாரைக் காணவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. வேளைக்கு உண்ண வேண்டுமே என்று அஞ்சித் தளம் தளமாகத் தேடினோம். கப்பலின் பின்புறம், நுரை வெண்கோடாக நீளும் இடத்தில் ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்தார். ஐந்தரை மணிக்கே வந்துவிட்டாராம். ஆள் குறைவான நேரத்தில் இரண்டு இட்டிலியைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு மீண்டும் அங்கேயே திரும்பியிருந்தார். சுரங்கத்தில் உண்ணப் பழகிய கை அது.

“நைனா, இங்க என்ன பண்றீங்க?” என்றோம்.

“கீழ இருந்த காலத்துல வெளிச்சம் எம்மாந்தூரம் போகும்? தலையில கட்டின லைட்டு காட்டுற அளவுதான். இங்க பாரு, கண்ணு போயிக்கினே இருக்குது” என்றார்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது என்பதை இந்த அவைக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1973 முதல், 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்படும் வரை, எம் தந்தையார் அங்கே கூண்டில் இறங்கி ஏறியவர். நாங்களோ அவருக்கு எந்தப் பண்டம் ஆகும், எது ஆகாது என்று தட்டைக் காத்துக்கொண்டிருந்தோமே தவிர, அவர் எதைப் பார்க்க வந்தார் என்று கேட்கவே இல்லை.

அன்று நாங்கள் வேறு விதமாக நடந்துகொண்டோம். காலையும் பகலும் கூட்டம் கூடுமுன் சென்று, பசிக்கு உண்டு எழுந்தோம். இரவு உணவுக்கு மட்டும் ஐவரும் சேர்ந்து நிதானமாக அமர்வது என்று வைத்தோம். இல்லத்தரசி இதில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: “பிறர் சமைத்துப் போட, உட்கார்ந்து சாப்பிடுவதே எனக்கு விடுமுறை. அதைக் குறைக்காதீர்கள்.” நேர்மையான பேச்சு. மறுப்பதற்கு இடமில்லை. ஆதலால் புளிச்சோறு கட்டுவதைப் பற்றிக் கேட்ட அன்பர்கள், அதைக் கட்டப்போவது யார் என்று முதலில் வீட்டில் கேட்டறியுமாறு வேண்டுகிறோம். (கைதட்டல்)

கிடைத்த நேரத்தில் என்ன செய்தோம்? மகனுக்குத் தொடுவானக் கணக்கைச் சொன்னோம். நீர்மட்டத்துக்கு மேல் 25 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் ஏறத்தாழ 18 கிலோமீட்டரில் இருக்கும். பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை நம் கிளைப்பாதை 16 கிலோமீட்டர். அந்தப் பாதையை எட்டுத் திக்கிலும் விரித்துப் போட்டு, அதற்கு அப்பாலும் சற்றுத் தொலைவு தண்ணீராகவே இருப்பதாக எண்ணிப் பார் என்றோம். பையன் வாயடைத்து நின்றான். கப்பலின் வேகத்தை ‘நாட்’ என்ற அளவால் குறிப்பார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். பத்து நாட்டில் செல்லும் கப்பலை நம் மாரிக்குப்பம் வண்டியே முந்திவிடும் என்றதும், தந்தையார் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

மாலையில் ஒன்று கண்டோம். மெரினாவில் கதிரவன் கடலிலிருந்து எழுவதைக் காணலாம், கடலில் விழுவதைக் காண முடியாது. நம் ஊரிலோ அது சயனைடு மேட்டுக்குப் பின்னால் போய்விடும். கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவுக்குச் சென்றால், ஒரே நாளில் எழுவதும் விழுவதும் நீரிலேயே அமையும். அந்த நேரத்தில்தான் கீழே இனிப்புக்கான வரிசை மிக நீளமாக இருந்ததாம். மேல்தளத்தில் எங்களோடு நின்றவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

இரவு, விளக்கொளி குறைந்த ஓரமாகப் பார்த்து நின்றோம். மேகம் விலகியபோது தெற்கே தாழ்வாகத் திரிசங்கு தெரிந்தது. வடக்கே துருவ மீன். அது நம் பகுதிகளில் தொடுவானுக்கு மேல் பதின்மூன்று பாகையளவே உயரும். கையை நீட்டி முட்டியை மடக்கினால் ஏறத்தாழ பத்துப் பாகை. மகள் முட்டியால் அளந்து பார்த்தாள். கடலின் நீலத்தைப் பற்றிய அவள் கேள்விக்கும் அப்போதுதான் விடை சொன்னோம். ஒரு நாள் தாமதமாக.

இவ்வளவும் சொன்னதால், உணவை இகழ்கிறோம் என்று எண்ண வேண்டாம். கம்பெனிக் குடியிருப்பின் ஒற்றை அறைகளில் வளர்ந்தவர்கள் நாம். சுரங்கம் மூடிய பின், விடியுமுன் எழுந்து பெங்களூர் வண்டியைப் பிடித்து, மடியில் வைத்து உண்டு பிழைப்பவர்கள் எத்தனை பேர்! அத்தகையோர்முன் கேட்டதெல்லாம் கிடைக்கும் மேசையை விரித்தால், கை நீளத்தான் செய்யும். குற்றமில்லை. ஆயினும் மீண்டும் கூடும் கூட்டத்தில், எந்தப் பக்கத்து அறை கிடைக்கும், விடியற்காலையில் மேல்தளம் திறந்திருக்குமா, முதியோர் அமர நாற்காலி உண்டா என்றும் நம் அன்பர்கள் கேட்பார்களாக. குறிப்பு எழுத ஆயத்தமாக இருக்கிறோம்.

நாங்கள் ஊர் திரும்பியபோது, தெருமுனையில் தந்தையாரின் பழைய கூட்டாளிகள் நால்வர் அமர்ந்திருந்தனர். “என்னப்பா, கப்பல்ல என்ன சாப்பாடு போட்டாங்க?” என்றார் ஒருவர்.

“சாப்பாடு நல்லாத்தான் போட்டாங்க” என்று சொல்லிவிட்டு, தந்தையார் செருப்பைக் கழற்றித் திண்ணையில் அமர்ந்தார். “சூரியன் நேரா தண்ணிக்குள்ள போவுது, தெரியுமா? நான் பார்த்தேன்.”

அன்று அவர்கள் வீடு திரும்ப இரவு எட்டு மணியாயிற்று.